கதவில் ஏறிய குழந்தைகள்

கி. ராஜநாராயணனின் (1923–2021) 'கதவு' சிறுகதையில் குழந்தைகள் வீட்டுக் கதவில் தொற்றிக்கொண்டு பஸ் விளையாடுவார்கள். நம் நஞ்சன்கூட்டுப் பிள்ளைகள் என்றால் மைசூருக்கு டிக்கெட் கேட்டிருப்பார்கள்! அப்பா பிழைப்புக்காக மணிமுத்தாறு போனவர். மாதக்கணக்கில் தகவலே இல்லை. தீர்வை பாக்கிக்காகத் தலையாரி கதவையே கழற்றிக்கொண்டு போகிறார். திறந்து கிடக்கும் வீட்டுக்குள் குளிர் புகுந்து, கைக்குழந்தை இறந்துபோகிறது.

சிறுவர்க்கென்றே எழுதியதல்ல. ஆனாலும் பத்து வயசுப் பிள்ளைக்கு நன்றாகப் புரியும். காசில்லாக் கஷ்டத்தைப் பற்றிப் பிரசங்கமே கிடையாது. வாசித்துக் காட்டும்போது அந்தச் சாவை மட்டும் விட்டுவிடலாமே என்று நமக்குத் தோணும். விடக்கூடாது. விட்டால், சாவடியில் கிடக்கும் கதவை லட்சுமியும் சீனிவாசனும் ஏன் அப்படித் தழுவிக்கொள்கிறார்கள் என்பது பிள்ளைகளுக்கு விளங்காது.