அட்டை நீலமானால் காய் சுத்தமா?

தென்காசி மாவட்டத்தின் பாவூர்சத்திரம், சுரண்டை மார்க்கெட்டுகளில் ஏலம் முடிந்து லோடு ஏறும் கத்தரிக்காயும் வெண்டைக்காயும் செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு வழியாக மறுநாளே கேரளத்துக் கடைகளுக்குப் போய்விடுகின்றன. அதற்கடுத்த நாள் யார் வீட்டிலோ குழம்பாகிவிடுகின்றன. உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி ஓர் அதிகாரி அந்த லோடில் மாதிரி எடுத்தால், அறிக்கை கொடுக்கப் பகுப்பாய்வாளருக்கு 14 நாள் அவகாசம் உண்டு. முடிவு வரும்போது விசாரிக்க ஆள் இருப்பார்கள், தடுத்து நிறுத்தக் காய் இருக்காது. அதனால்தான் பூச்சிமருந்து எச்சத்தை உடனடியாகக் கண்டுபிடிக்கும் விரைவுச் சோதனைகளுக்கு இவ்வளவு தேவை இருக்கிறது.

இந்தப் பகுதிக்கு இது வெறும் அறிவியல் விஷயம் இல்லை. தமிழ்நாட்டுக் காய்கறிகளில் எச்சம் வரம்பை மீறுகிறது என்று 2015-இல் கேரள அரசு குற்றம் சாட்டியது. இங்குள்ள விவசாயிகளும் வியாபாரிகளும் மறுத்தார்கள். அப்படியொரு வாக்குவாதம் வந்தால் எந்தச் சோதனை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று தெரிந்தவர் பேச்சுதான் எடுபடும்.

அட்டைச் சோதனை

கையடக்கமான ஓர் அட்டை. அதில் ஒரு வெள்ளை வட்டம், ஒரு சிவப்பு வட்டம். 5 கிராம் காயைச் சிறு துண்டுகளாக நறுக்கி, 10 மில்லி கரைசலில் போட்டுக் குலுக்கி, இரண்டு நிமிடம் வைக்க வேண்டும். அந்தத் தண்ணீரில் சில துளிகளை வெள்ளை வட்டத்தில் விட்டு, 37 டிகிரி வெப்பத்தில் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். பிறகு அட்டையை மடித்து, இரண்டு வட்டங்களும் ஒட்டும்படி மூன்று நிமிடம் விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். வெள்ளை வட்டம் நீலமானால் சோதனை சந்தேகப்படவில்லை. வெள்ளையாகவே நின்றால் சந்தேகம். புதிதாகப் பார்ப்பவர்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்வது சகஜம்.

வெள்ளை வட்டத்தில் இருப்பது அசிட்டைல்கோலினெஸ்டெரேஸ் என்ற நொதி. பூச்சிக்கும் நமக்கும் நரம்பு ஒழுங்காக வேலை செய்ய இது வேண்டும். மோனோகுரோட்டோபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட் மருந்துகளும், கார்பமேட் மருந்துகளும் பூச்சியைக் கொல்வது இந்த நொதியை முடக்கித்தான். சிவப்பு வட்டத்தில் உள்ள பொருளை, உயிர்ப்போடு இருக்கும் நொதி உடைத்து நீல நிறமாக்கும். மருந்து நொதியை முடக்கிவிட்டால் நிறம் வராது. இந்த நொதி முறையைத் தைவான் 1980-களிலேயே காய்கறிச் சந்தைகளுக்காக உருவாக்கியது. சீனா 2003-இல் அட்டை முறையைத் தேசியத் தர விதியாகவே வெளியிட்டது.

கால் மணி நேரத்துக்குச் சற்று மேல், பெரிய கருவி தேவையில்லை, லோடு ஏறும் இடத்திலேயே செய்யலாம். ஆனால் மூன்று ஓட்டைகள் உண்டு.

முதல் ஓட்டை: நொதியை முடக்காத மருந்து இந்த அட்டையின் கண்ணுக்குத் தெரியாது. இமிடாகுளோப்ரிட், லாம்டா சைஹலோத்ரின், குளோரான்ட்ரானிலிப்ரோல் என்று இன்று தோட்டங்களில் அடிக்கும் பலவும், பூஞ்சைக்கொல்லிகள் பெரும்பாலானவையும் அந்த ரகம். அட்டை நீலமானது என்றால் இரண்டு குடும்பத்து மருந்துகள் பிடிபடவில்லை என்றுதான் அர்த்தம்.

இரண்டாவது ஓட்டை: சில காய்களின் சாறே நொதியைத் தொந்தரவு செய்யும். வெங்காயம், பூண்டு, முள்ளங்கி, கொத்தமல்லி, தக்காளி ஆகியவற்றில் மருந்தே இல்லாதபோதும் அட்டை வெள்ளையாக நிற்கலாம். சின்ன வெங்காயமும் தக்காளியும் இந்த மாவட்டத்தின் முக்கிய லோடுகள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். இவற்றை நறுக்காமல் முழுசாக ஊறவைத்துச் சோதிப்பது ஒரு வழி.

மூன்றாவது ஓட்டை: அட்டை எண் சொல்லாது. சட்டம் பேசுவதோ எண்ணில். ஒவ்வொரு மருந்துக்கும் ஒவ்வொரு பயிருக்கும் ஒரு கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று உச்சவரம்பு இருக்கிறது. வரம்பு குறிக்கப்படாத இடத்தில் பொதுவாகக் கொள்ளப்படும் அளவு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். பத்து டன் ஏற்றிய பத்து லாரிக் காயில் ஒரு கிராம் மருந்து என்ற கணக்கு அது. இவ்வளவு நுணுக்கம் அட்டைக்கு எட்டாது.

கருவிச் சோதனை

அந்த எண்ணைத் தருவது ஆய்வுக்கூடம்தான். அங்கேயும் ஒரு வேகம் வந்திருக்கிறது. முன்பு ஒரு மாதிரியைப் பிழிந்து சுத்தம் செய்யவே நிறையக் கரைப்பானும் நெடுநேரமும் செலவாகும். 2003-இல் அனஸ்டாசியாடிஸ், லெஹோட்டே உள்ளிட்ட ஆய்வாளர்கள் வெளியிட்ட 'கெச்சர்ஸ்' முறை அதைச் சுருக்கியது. மாதிரியை நன்றாக அரைத்து 10 கிராம் எடுத்து, 10 மில்லி அசிட்டோநைட்ரைல் சேர்த்து, மெக்னீசியம் சல்பேட்டும் உப்பும் போட்டு ஒரு நிமிடம் வேகமாகக் குலுக்கினால் தண்ணீர் கீழே பிரிந்துவிடும், மருந்து மேலே கரைப்பானில் நிற்கும். அதைச் சுழற்றித் தெளியவைத்து, இன்னொரு பொடியால் மற்ற அழுக்குகளை நீக்கிக் கருவியில் செலுத்துகிறார்கள். நிறை நிறமாலைக் கருவி, ஒவ்வொரு மருந்தையும் அதன் மூலக்கூறு எடையையும் உடைந்த துண்டுகளையும் வைத்து அடையாளம் காணும். ஒரே ஓட்டத்தில் நூற்றுக்கணக்கான மருந்துகள் சிக்கும். கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலும், கேரளத்தில் வெள்ளாயணி வேளாண் கல்லூரியிலும் எச்ச ஆய்வுக்கூடங்கள் உண்டு.

இதற்கும் எல்லை இருக்கிறது. பட்டியலில் இல்லாத மருந்தைக் கருவி தேடாது. தக்காளிக்கும் மிளகாய்க்கும் அடிக்கும் மாங்கோசெப் இந்த வழியில் பிடிபடாது, அதற்குத் தனி முறை வேண்டும். எலுமிச்சை போன்ற பழத்தை ஆய்வுக்கூடத்தில் தோலோடு அரைப்பதுதான் வழக்கம். பழச்சாறு குடிப்பவருக்கு அந்த எண் சற்றுக் கூடுதலாகத் தோன்றலாம். ஆனால் புளியங்குடி எலுமிச்சையைத் தோலோடு ஊறுகாய் போடுபவருக்கு அதுதான் சரியான எண்.

ஆரியங்காவு சொன்ன பாடம்

விரைவுச் சோதனையும் ஆய்வுக்கூடமும் முரண்பட்டால் என்ன ஆகும் என்பதை நம் எல்லையிலேயே பார்த்தோம். பொருள் காய் அல்ல, பால். 2023 ஜனவரியில் தென்காசிப் பக்கமிருந்து போன 15,300 லிட்டர் பால் டேங்கரைக் கேரளப் பால்வளத் துறை ஆரியங்காவில் நிறுத்தியது. அங்கேயே செய்த சோதனையில் ஹைட்ரஜன் பெராக்சைடு இருப்பதாக அறிவித்தது. பிறகு உணவுப் பாதுகாப்புத் துறை எடுத்த மாதிரியில் அது இல்லை என்று முடிவு வந்தது. மாதிரி எடுக்கத் தாமதமானதே காரணம் என்றது பால்வளத் துறை. பெராக்சைடு நேரம் ஆக ஆகத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடும் என்பது உண்மை. முதல் சோதனையில் தவறு நடந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. அட்டையோ சோதனைக் குழாயோ சந்தேகம் சொன்ன அந்த நிமிடத்திலேயே அதே பொருளில் மாதிரி எடுத்து, சீல் வைத்து, குளிரில் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியிருந்தால் இந்தச் சண்டைக்கு இடமிருந்திருக்காது. பூச்சிமருந்துக்கும் இதே விதிதான்.

யார் என்ன செய்யலாம்

விவசாயிக்கு முதல் சோதனைக்கூடம் மருந்து டப்பாதான். அடித்த பிறகு எத்தனை நாள் கழித்துப் பறிக்க வேண்டும் என்று அதில் போட்டிருக்கும். வெண்டைக்காயை ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்க வேண்டியிருப்பதால் எச்சச் சிக்கல் அதில்தான் எளிதாக வருகிறது. காய்ப்பு நேரத்தில் காத்திருப்பு நாள் குறைந்த மருந்தைத் தேர்ந்தெடுப்பதே வழி.

கமிஷன் கடைக்காரருக்கு அட்டை உதவும், லோடை அனுப்பவா நிறுத்தி வைக்கவா என்று முடிவெடுக்க. அதை வைத்து ஒரு விவசாயியின் சரக்கைக் கெட்டது என்று முத்திரை குத்துவதும் தவறு, நல்லது என்று சான்றிதழ் கொடுப்பதும் தவறு.

வீட்டில், ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவுவதும் புளிக்கரைசலில் ஊறவைத்து அலசுவதும் மேலே படிந்ததைக் குறைக்கும். செடி உறிஞ்சி உள்ளே போனதை எந்தக் கழுவலும் எடுக்காது. குற்றாலம் சீசனில் வாங்கும் மங்குஸ்தான், ரம்புட்டானில் தடித்த தோலை எறிந்துவிடுவதால் மேற்பூச்சு பற்றிய கவலை குறைவு. உரிக்கும் முன் கழுவினால் போதும்.

சந்தேகம் தீராதவர், உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-வது பிரிவின்படி, வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, கட்டணம் கட்டித் தானே பகுப்பாய்வுக்குக் கொடுக்கலாம். தவறு நிரூபணமானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். யாராவது 'டெஸ்ட் பண்ணிய காய்' என்று விற்றாலோ, 'டெஸ்டில் பெயிலான காய்' என்று திருப்பி அனுப்பினாலோ கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: எந்த முறையில், எந்தெந்த மருந்துக்கு, எவ்வளவு வந்தது? மூன்றுக்கும் பதில் இல்லாத அறிக்கையை வைத்து விலையையும் குறைக்க வேண்டாம், கூட்டவும் வேண்டாம்.