லத்தி போட்டால் கைதட்டு!

நிஜமாகவே கைதட்டுவார்கள். பட்டினி கிடந்து, காயம்பட்டு, மீட்கப்பட்டு வந்த குதிரை நிற்கும் லாயத்தில் அதைவிடப் பெரிய கொண்டாட்டம் கிடையாது. "அண்ணே, போட்டுடுச்சுண்ணே!" என்று ஒரு குரல் கிளம்பினால் போதும், டீ குடித்துக்கொண்டிருப்பவர் கிளாஸை அப்படியே வைத்துவிட்டு ஓடிவருவார். எத்தனை உருண்டை, ஈரமா, காய்ந்திருக்கிறதா, செரிக்காத நார் தெரிகிறதா, மணல் கலந்திருக்கிறதா என்று குனிந்து ஆராயும் அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூட மூக்கைப் பொத்தமாட்டார். குடல் ஓடுகிறது! இன்றைக்கு இது போதும்.

குதிரை மீட்பு என்றால் நம் கைபேசிக்கு வந்து சேர்வது முதல் இரண்டு நிமிடம்தான். கயிறு, வேன், கூட்டம், ஒரு சோக இசை. அதோடு திரை விழுந்துவிடும். அசல் ஆட்டமே அதற்குப் பிறகுதான் ஆரம்பம். மெதுவாக வாருங்கள், உள்ளே எட்டிப் பார்ப்போம். செருப்புச் சத்தம் கேட்கக்கூடாது. அதன் காது ஒவ்வொன்றும் தனித்தனியாகத் திரும்பும். நீங்கள் வருவது அதற்கு எப்போதோ தெரிந்துவிட்டது.

கும்மிடிப்பூண்டியில் குதிரைக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். சிப்காட் வளாகம், இரும்பு உருக்கும் ஆலைகள், ஆந்திர எல்லையை நோக்கி ஜி.என்.டி. சாலையில் வரிசைகட்டும் கண்டெய்னர் லாரிகள்... இந்த ஊருக்கும் குதிரைக்கும் சம்பந்தமே இல்லாததுபோலத்தான் இருக்கும். ஆனால் சென்னையும் அதன் சுற்றுவட்டாரமும் குதிரைகளை நிறையவே வேலை வாங்குகின்றன. மெரினாவில் சவாரி, கல்யாண ஊர்வலம், சினிமா படப்பிடிப்பு, பந்தயம். நொண்ட ஆரம்பித்த குதிரைக்கு இவற்றில் எதிலும் இடமில்லை. அவிழ்த்துவிட்டால் புல் இருக்கும் திசையில் நடக்கும். நெடுஞ்சாலை ஓரத்திலும் புல் முளைக்கிறது. அந்தப் புல்லுக்குள் ஆணியும் தகட்டுத் துண்டும் கிடக்கின்றன.

ஊர் பேர் தெரியாத ஒரு பெண் குதிரை அப்படி வந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். இது தனியொரு குதிரையின் கதை அல்ல. இந்த நிலையில் வரும் எந்தக் குதிரைக்கும் நடப்பது. விலா எலும்புகளை எண்ணிவிடலாம். முதுகெலும்பு கத்தி முனையாக நிற்கிறது. வாயின் இரு ஓரமும் கடிவாளம் கிழித்த புண். பின்னங்கால் ஒன்றைத் தரையில் ஊன்றவே மாட்டேன் என்கிறது.

'தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே' என்பார்கள். இங்கே முதல் நாளே அந்த விதியை மீறுகிறார்கள். வயதைச் சொல்வது பல்தான். தின்னமுடியாமல் மெலிந்ததா, தின்னக் கிடைக்காமல் மெலிந்ததா என்ற வழக்கையும் பல்தான் தீர்த்துவைக்கும். குதிரையின் கடைவாய்ப் பல் வருடத்துக்கு 2, 3 மில்லிமீட்டர் மேலே வந்துகொண்டே இருக்கும். ஒரு பக்கம் தேய்ந்து மறுபக்கம் கூராக நின்றுவிட்டால், மெல்லும்போதெல்லாம் கன்னத்தைக் கிழிக்கும். அதற்கென்றே நீளக் கைப்பிடி அரம் ஒன்று உண்டு. அதைப் பார்த்தால் தச்சுப் பட்டறையில் இருந்து எடுத்துவந்துவிட்டார்களோ என்று தோன்றும்!

அடுத்து எடை. இந்த ஆளை எந்தத் தராசில் நிறுத்துவது? தையல்காரர் நாடா போதும். நெஞ்சுச் சுற்றளவை அதே அளவால் பெருக்கி, உடல் நீளத்தாலும் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோ வந்துவிடும். அளவெல்லாம் சென்டிமீட்டரில். 150 சுற்றளவு, 135 நீளம் என்றால் ஏறக்குறைய 256 கிலோ. எனக்குப் பள்ளிக்கூடத்தில் இப்படி ஒரு கணக்கைச் சொல்லிக்கொடுத்திருந்தால் கணிதத்தின் மேல் கொஞ்சம் மரியாதை வந்திருக்கும். உடல் நிலைக்கும் மதிப்பெண் உண்டு. அமெரிக்காவின் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் டான் ஹென்னகி 1983-இல் வெளியிட்ட அட்டவணையில் 1 என்றால் எலும்புக்கூடு, 9 என்றால் கொழுப்பு மூட்டை. நம்முடைய விருந்தாளிக்கு 1. ஐந்தை எட்டவேண்டும்.

இதற்குள் ஸ்டெதஸ்கோப் வயிற்றுக்கு வந்துவிட்டது. நெஞ்சில் வைத்தால் ஒரு நிமிடத்துக்கு 28 முதல் 44 துடிப்பு இருக்கவேண்டும். ஆனால் சுவாரசியம் எல்லாம் வயிற்றில்! இடம், வலம், மேல், கீழ் என்று நான்கு இடங்களில் கேட்கிறார்கள். வலது மேல்பக்கம் காது வைத்தால், நிமிடத்துக்கு ஒன்றிரண்டு முறை கழிப்பறைத் தொட்டியில் தண்ணீர் திறந்துவிட்டதுபோல ஒரு ஓட்டம் கேட்கும். அதுதான் பெருங்குடல்வாய் வேலை செய்யும் ஓசை. முதல் முறை கேட்பவர்கள் எல்லோருமே வாய்விட்டுச் சிரித்துவிடுவார்கள். நிசப்தமாக இருந்தால் யாரும் சிரிப்பதில்லை. அது சூலை நோயாக, அதாவது கடும் வயிற்று நோவாக, இருக்கலாம்; குதிரையைச் சில மணி நேரத்தில் கொன்றுவிடக்கூடியது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது போனதுதான்.

இப்போது சாப்பாட்டு நேரம். பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் நிச்சயம் ஒரு பாத்திரம் நிறையக் கொள்ளு வேகவைத்துக் கொண்டுவந்திருப்பார். குதிரை என்றால் கொள்ளுதானே! பாவம், அவரை வாசலிலேயே நிறுத்தவேண்டியிருக்கும். 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்ற பழமொழியை அவரிடம் எடுத்துவிட்டால் கோபம் வராமல் தப்பிக்கலாம்.

ஏன் தடை? பல வாரம் பட்டினி கிடந்த உடம்பு, தன் கொழுப்பையும் தசையையும் தின்றே பிழைத்திருக்கிறது. திடீரென்று மாவுச்சத்து உள்ளே போனால் இன்சுலின் பொங்கி எழும். ரத்தத்தில் மிச்சமிருக்கும் பாஸ்பேட், மக்னீசியம், பொட்டாசியம் எல்லாம் செல்களுக்குள் ஓடிவிடும். இதயம் தடுமாறும், மூச்சு தடுமாறும். மீட்கப்பட்டு, வயிறாரத் தின்று, நாலைந்து நாளில் செத்துப்போன குதிரைகள் உலகெங்கும் உண்டு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பட்டினிக் குதிரைகளுக்கு வெவ்வேறு தீவனங்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஜெயித்தது குதிரைமசால். நம் கோவை, ஈரோடு பக்கம் பசுந்தீவனமாகப் பயிரிடுகிறார்களே, அதேதான். மாவுச்சத்து குறைவு, புரதம் அதிகம், மக்னீசியமும் பாஸ்பரஸும் கூடவே வருகின்றன.

அளவைக் கேட்டால் உங்களுக்கே அழுகை வரும். முதல் மூன்று நாள், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, காய்ந்த குதிரைமசால் அரைக் கிலோவுக்கும் கொஞ்சம் குறைவாக. அவ்வளவுதான்! அதை அது இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டு உங்களைப் பார்க்கும். அந்தப் பார்வைக்கு இளகாதவர்களைத்தான் இந்த வேலைக்கு வைக்கவேண்டும் என்பது என் கருத்து. ராத்திரி பத்து மணிக்கு ஒரு கைப்பிடி, இரண்டு மணிக்கு ஒரு கைப்பிடி, விடியற்காலை ஆறுக்கு ஒரு கைப்பிடி. ஆறாம் நாளில் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 2 கிலோ என்ற அளவுக்கு ஏற்றுகிறார்கள். பத்து நாள் தாண்டினால்தான் அது கேட்கிற அளவு கிடைக்கும். பழைய எடை திரும்ப மூன்றிலிருந்து ஐந்து மாதம். தானியம் அதற்குள் எங்கோ பின்னால், மெதுவாக. பாசத்தைக் கைப்பிடியில் அளந்து போடுவதுதான் இங்கே முக்கால்வாசி வைத்தியம்.

தப்பான தீவனம் போட்டுக் குதிரையைக் கொன்ற வரலாறு நமக்கு உண்டு, தெரியுமா? 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ ஒரு பிரமாதமான கிசுகிசு எழுதிவைத்திருக்கிறார். பாண்டிய நாட்டு அரசர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகளைக் கப்பலில் வரவழைத்தார்களாம். பராமரிக்கத் தெரிந்த ஆள் இல்லை, சோற்றோடு இறைச்சியைச் சேர்த்துப் போட்டார்கள். வருடம் திரும்புவதற்குள் பெரும்பாலானவை செத்தன. இதில் உச்சம் என்னவென்றால், குதிரை விற்ற வியாபாரிகள் வைத்தியம் தெரிந்தவர்களை இந்தப் பக்கம் வரவிடவே இல்லையாம். செத்தால்தானே அடுத்த கப்பலுக்கு ஆர்டர் வரும்!

சரி, அந்தப் பின்னங்காலுக்கு வருவோம். குளம்பின் அடியில் ஆணி ஏறியிருந்தால் உடனே பிடுங்க எல்லோர் கையும் துறுதுறுக்கும். பிடுங்கக்கூடாது. எந்தக் கோணத்தில், எவ்வளவு ஆழம், எலும்பைத் தொட்டதா என்று எக்ஸ்ரேயில் பார்த்த பிறகுதான் கை வைக்கவேண்டும். அதற்குள் ரணஜன்னிக்கு (டெட்டனஸ்) ஊசி போட்டாகவேண்டும். அந்தக் கிருமிக்குக் குதிரை அளவுக்கு எளிதாக விழும் வீட்டு விலங்கு வேறில்லை. உள்ளே சீழ் கட்டியிருந்தால் வளைந்த முனைக் கத்தியோடு குளம்பு சீவுபவர் உட்காருகிறார். கறுப்பாக, நாற்றத்தோடு ஒரு சொட்டு எட்டிப் பார்க்கிறது. "வந்துடுச்சு, வந்துடுச்சு!" மறுபடியும் கைதட்டல். இந்த லாயத்தில் எதற்கெல்லாம் கைதட்டுகிறார்கள் பாருங்கள்! பல நேரம் அன்று மாலைக்குள்ளேயே அந்தக் கால் தரையைத் தொட்டுவிடும். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் ஊறவைப்பது, கட்டு மாற்றுவது எல்லாம் தினசரி வேலை. குளம்பு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாகத்தான் வளரும். நுனிவரை புதுக் குளம்பு வர ஏறக்குறைய ஒரு வருடம்.

காலின் கீழ்ப்பகுதிப் புண்ணில் ஒரு விசித்திரம் நடக்கும். ஆறுகிறேன் பேர்வழி என்று சதை அளவுக்கு மீறிப் பொங்கி வெளியே வந்து, தோல் மூடவிடாமல் அடைத்துக்கொள்ளும். அந்தச் சதையில் நரம்பே கிடையாது. மருத்துவர் அதைச் சீவும்போது குதிரை சாவகாசமாக வைக்கோல் மென்றுகொண்டிருக்க, ரத்தத்தைப் பார்த்த நாம்தான் சுவரைப் பிடித்துக்கொள்வோம்.

எலும்பு முறிவு என்றால் மட்டும் இந்தக் கும்மாளம் எதுவும் இல்லை. டேராடூனில் 2016 மார்ச் 14 அன்று ஒரு போராட்டத்தில் காலொடிந்த போலீஸ் குதிரை சக்திமானை நினைவிருக்கும். காலை எடுத்தார்கள், செயற்கைக் கால் பொருத்தினார்கள், நாடே வேண்டிக்கொண்டது. ஏப்ரல் 20-இல் இறந்துபோனது. முந்நூறு நானூறு கிலோவை மூன்று காலில் சுமப்பது குதிரைக்கு முடியாத காரியம்; நல்ல காலின் குளம்பும் பாரத்தில் கெட்டுவிடும்.

கடிவாளப் புண்ணுக்குப் பின்னால் சட்டமும் இருக்கிறது. முள் வைத்த கடிவாளம் 1965-ஆம் ஆண்டு விதிகளின்படியே தடை. ஆனால் 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடைச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கு அதிகபட்ச அபராதம் எவ்வளவு தெரியுமா? 50 ரூபாய். நாம் ஒரு டீக்கடையிலேயே அதைவிட அதிகம் செலவழித்திருப்போம்.

உதவிக்கு எங்கே போவது என்றால், இந்தப் பக்கம் ஒன்றும் பாலைவனம் இல்லை. 1962 என்ற எண்ணை அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி. தெற்கே போனால் 1903-இல் டாபின் ஹால் என்ற கட்டடத்தில் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி. வழியில் செங்குன்றத்தில் பீப்பிள் ஃபார் அனிமல்ஸ் சென்னை அமைப்பின் காப்பகம். அதன் இணை நிறுவனர் ஷிரானி பெரேரா ஆய்வுக்கூடங்களில் இருந்து வெளிவந்த விலங்குகளுக்கு மறுவாழ்வு கொடுப்பதற்காகவே அறியப்பட்டவர். எங்கே கொண்டுபோனாலும், புதிதாக வந்த குதிரையை மற்றவற்றோடு உடனே சேர்க்கமாட்டார்கள். கிளாண்டர்ஸ் என்ற தொற்றுக்கு ரத்தப் பரிசோதனை முடியவேண்டும். அது மனிதருக்கும் தொற்றும்.

நம் கடலோர வெக்கை வேறு! கத்திரி வெயிலில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுவிடும். வெள்ளைக்காரர்கள் இந்தியாவுக்குக் கொண்டுவந்த குதிரைகளிடம்தான் இந்தக் கோளாறை முதலில் கவனித்தார்கள். தண்ணீர் ஊற்று, விசிறியைப் போடு, உப்புக்கட்டியைத் தொங்கவிடு.

இனி மனசு. 2016-இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தினர் 28 குதிரைகளிடம் மனித முகப் படங்களைக் காட்டினார்கள். கோப முகத்தைப் பார்த்ததும் இதயத் துடிப்பு சட்டென்று ஏறியது; தலையைத் திருப்பி இடது கண்ணால் முறைத்தன. அதனால் நம்மை எந்தக் கண்ணால் பார்க்கிறது என்று கவனியுங்கள்! முதல் வாரங்களில் தொட அனுமதி கிடைக்கும் ஒரே இடம், கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேடு. குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் சொறிந்துகொள்ளும் இடமும் அதுதான். அங்கே சொறிந்தால் இதயத் துடிப்பு குறைவதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். சரியான புள்ளி அகப்பட்டால் மேலுதடு நீண்டு, கோணலாகி, நடுங்கும். சினிமாவில் கம்பீரமாகப் பாயும் அந்தப் பிராணி இப்படி ஒரு முகம் காட்டும் என்று எனக்கு யாரும் சொன்னதே இல்லை.

ஒரு நாள் அது படுக்கும். நின்றுகொண்டே தூங்கத் தெரிந்த குதிரை, ஆழ்ந்து உறங்க மட்டும் தரையில் படுத்தாகவேண்டும். இடம் பாதுகாப்பானது என்று தோன்றாமல் படுக்காது. புதியவர் யாராவது "ஐயோ, விழுந்துடுச்சு!" என்று அலறுவதும், மற்றவர்கள் பாய்ந்து அவர் வாயைப் பொத்துவதும் எல்லா லாயத்திலும் நடக்கும் சடங்கு.

மூன்றாம் மாதத்தில் அசல் குணம் வெளிவரும். சட்டைப் பையைக் கடிக்கும். வாளியை உதைத்து உருட்டும். தண்ணீர்க் குழாயை வாயில் கவ்விக்கொண்டு தராது. குளம்பு சீவுபவரின் தொப்பியை எடுத்துத் தொட்டிக்குள் போடும். எடை நாடாவோடு போனால் பக்கவாட்டில் நழுவும். பேரேட்டில் உடல் நிலை மதிப்பெண் '4' என்று எழுதும்போது எல்லோருக்கும் வாயெல்லாம் பல். அதற்கு அடுத்த வாரம் காலையில் வந்து பார்த்தால் லாயம் காலி; தீவன அறைக் கதவு திறந்திருக்கிறது; உள்ளே குதிரைமசால் மூட்டையில் கழுத்துவரை தலையை விட்டுக்கொண்டு நிற்கிறது நம்ம ஆள். உதட்டால் தாழ்ப்பாளைத் திறக்கக் கற்றுக்கொண்டுவிட்டது! திட்டிக்கொண்டே ஒருவர் சைக்கிளை எடுக்கிறார், ஹார்டுவேர் கடையில் இரண்டாவது கொக்கி வாங்க.