நெஞ்சுக்கு நெருக்கமாக - 9: பிரஷர் நார்மல்... மாத்திரையை நிறுத்தலாமா?

சென்ற வாரம் கொலஸ்டிராலைப் பார்த்தோம். இந்த வாரம், மருந்துக்கடை வாசலிலும் கல்யாணப் பந்தியிலும் அடிக்கடி காதில் விழும் ஒரு பேச்சு: "பிரஷர் நார்மலுக்கு வந்துடுச்சு, மாத்திரையை நிறுத்திட்டேன். ஒண்ணும் ஆகலையே!"

ஒன்றும் ஆகாததுபோலத் தெரிவதற்குக் காரணம் உண்டு. நம் ஊரில் அதிகம் எழுதித் தரப்படும் பிரஷர் மாத்திரைகளில் ஒன்று அம்லோடிபின். உடம்பில் அதன் அளவு பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். செவ்வாய்க்கிழமை நிறுத்தியவர் வியாழக்கிழமை பார்த்தால் 130/80 என்றே காட்டலாம். அது ஏற்கெனவே விழுங்கிய மாத்திரையின் வேலை. அடுத்தடுத்த நாள்களில் அழுத்தம் மெல்ல ஏறிவிடும். பலருக்கு அப்போது தலையும் சுற்றாது, நெஞ்சும் வலிக்காது. அதனால்தான் ஏமாந்துபோகிறோம்.

இதயம் ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கிறது. அழுத்தம் கூடியிருந்தால் ஒவ்வொரு துடிப்பிலும் அது கூடுதல் பலத்தோடு ரத்தத்தைத் தள்ள வேண்டும். வருடக்கணக்கில் இப்படி உழைத்தால் இடது கீழறையின் சுவர் தடித்துப்போகும், ரத்தக்குழாய்கள் இறுகும், சிறுநீரகமும் கெடும்.

அட்டெனோலால், மெட்டோபுரோலால் வகை மாத்திரைகளைத் திடீரென நிறுத்துவது இன்னும் ஆபத்து. ஏற்கெனவே இதயக் குழாயில் அடைப்பு உள்ளவருக்கு அதுவே மாரடைப்பைக் கொண்டுவந்துவிடலாம்.

நிறுத்துகிறவர்களை மட்டும் குறை சொல்லக் கூடாது. அம்லோடிபின் சிலருக்குக் கணுக்காலை வீங்க வைக்கும். எனலாபிரில் சிலருக்கு விடாத வறட்டு இருமலைத் தரும். பயந்துபோய் நிறுத்திவிடுகிறார்கள். மருத்துவரிடம் சொன்னால் வேறு மாத்திரைக்கு மாற்றித் தருவார். சீட்டு எழுதும்போதே மருத்துவர்கள் அரை நிமிடம் செலவிட்டு இதைச் சொல்லிவிட்டால், பாதிப் பேர் நிறுத்தவே மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

மாத்திரையின் அளவைக் குறைக்கவே முடியாதா? எடை குறைந்து, தினமும் அரை மணி நேரம் வேகமாக நடந்து, உப்பையும் குறைத்தவர்களுக்கு மருத்துவரே குறைப்பதுண்டு. உப்புதான் நமக்குக் கடினம். உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழ் என்கிறது. சுமார் ஒரு தேக்கரண்டி. குழம்பில் குறைத்துவிட்டு ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு என்று சேர்த்துக்கொண்டால் குறைத்ததற்கு அர்த்தமில்லை.

இந்துப்பு பிரஷருக்கு நல்லது என்று பலர் நம்புகிறார்கள். அதிலும் இருப்பது பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். சோடியத்தில் ஒரு பங்கைக் குறைத்துப் பொட்டாசியம் சேர்த்த உப்பு வேறு. சீனாவில் 600 கிராமங்களில் சுமார் 21,000 பேரிடம் இந்த உப்பைச் சோதித்தார்கள். பக்கவாதம் வந்தவர்கள் அல்லது அறுபது வயதைத் தாண்டி பிரஷரும் உள்ளவர்கள் அவர்கள். வழக்கமான உப்பைத் தொடர்ந்தவர்களைவிட இந்த உப்புக்கு மாறியவர்களுக்குப் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்ததாக 2021இல் முடிவு வெளியானது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இதைத் தொடக் கூடாது. எனலாபிரில், ஸ்பைரனோலாக்டோன் போன்ற மருந்து சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வாங்கக் கூடாது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும்.

இன்னொன்று, மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன். இவையும் பிரஷரை ஏற்றும். மருத்துவரிடம் போகும்போது அந்த அட்டையையும் கையோடு எடுத்துப்போங்கள்.

மாதா மாதம் மாத்திரை வாங்கக் காசில்லை என்று நிறுத்தியவர்களும் இருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து, மாத்திரை கொடுக்கிறார்கள். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ மாத்திரையை நிறுத்தியவர் இருந்தால், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போய் இந்த வாரமே பிரஷர் பார்த்துவிடுங்கள்.