சிறு பொருளின் பேரழகு

உயர்ந்த மலையையும் பரந்த கடலையும் கண்டு வியவாதார் இலர். ஆனால் கடுகின் தோலையும் நூலின் முறுக்கையும் உற்று நோக்கி வியப்பவர் சிலரே. அத்தகையோர் வளர்த்த கலையே ‘மாக்ரோ’ புகைப்படக் கலையாகும்.

ஒரு பொருளின் உருவம், காமிராவினுள் ஒளியை ஏற்கும் தகட்டின்மீது அப்பொருளின் உண்மையான அளவிலேயே விழுமாயின், அதனை ‘ஒன்றுக்கு ஒன்று’ என்னும் விகிதம் என்பர். 2 மில்லிமீட்டர் அளவுள்ள கடுகு தகட்டிலும் 2 மில்லிமீட்டராகவே பதியும். அப்படத்தை இருபது மடங்கு பெரிதாக்கினால் கடுகு எலுமிச்சங்காய் அளவாகத் தோன்றும். வழவழப்பானது என நாம் எண்ணியிருந்த அதன் தோலில் வலைப்பின்னல் போன்ற வரிகள் அப்பொழுது புலப்படும்.

இவ்வழியில் முன் நடந்தோருள் ஒருவர் வில்சன் பென்ட்லி என்னும் உழவர். அமெரிக்க நாட்டின் வெர்மான்ட் மாநிலத்தில், ஜெரிக்கோ என்னும் சிற்றூரில் வாழ்ந்தவர். தம் பத்தொன்பதாம் வயதில், 1885ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 15ஆம் நாள், நுண்ணோக்கியோடு காமிராவை இணைத்து, உருகி மறையுமுன் ஒரு பனிப்படிகத்தைப் படம் பிடித்தார். வாழ்நாளில் அவர் எடுத்த பனிப்படிகப் படங்கள் 5,000க்கும் மேற்பட்டவை. கொட்டிலில் வந்து விழுந்த பனித்துகளே அவருக்குப் பெருஞ்செல்வமாயிற்று.

இக்கலையில் ஈடுபட்டோர் இன்று தமக்குள் போட்டி வைத்துப் பழகுகின்றனர். வாரத்திற்கு ஒரு தலைப்புத் தரப்படும். படத்தில் அடங்கும் பரப்பு மூன்று அங்குலத்தைக் கடத்தலாகாது என்பது பலர் கைக்கொள்ளும் விதி. ‘சுருள்’ என்பது தலைப்பாயின், ஒருவர் பேனாவினுள் இருக்கும் வில்கம்பியைத் தேடுவார். ஒருவர் பிரண்டையின் பற்றுக்கம்பியைக் காண்பார். மற்றொருவருக்குத் தட்டிலுள்ள முறுக்கே போதுமானதாகும். எனவே, இப்போட்டி கருவியைவிடக் கருத்தையே மிகுதியாகச் சோதிக்கிறது.

சென்னையின் மேற்குப் புறநகர்களில் வாழும் மாணவர்க்கு இதற்கான பொருள்களில் குறைவில்லை. 1964இல் தோன்றிய அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் பட்டறைகளில் திருகாணிகளும் பித்தளைச் சுருள்களும் உண்டு. திருகாணியின் புரியில் வெறுங்கண்ணுக்குத் தோன்றாத பிசிறும் கீறலும் பெரிதாக்கிய படத்தில் வெளிப்படும். பூவிருந்தவல்லி என்னும் பழம்பெயருடைய பூந்தமல்லியின் கடைத்தெருவில் தொடுத்த பூச்சரமும் நார் முடிச்சும் கிடைக்கும். ஆவடிப் பகுதியின் ஏரிக்கரைகளிலோ வெட்டுக்காயப் பூண்டு தானே வளரும். அதன் பூவை நெருங்கி எடுத்த படம் ஓர் உண்மையை உணர்த்தும்: ஒரு பூ என்று நாம் கருதியது ஒரு பூ அன்று, நடுவில் நெருங்கி நிற்கும் மஞ்சள் நிறச் சிறு பூக்கள் பலவும், சுற்றிலும் நிற்கும் வெளிர்நிறப் பூக்கள் சிலவும் சேர்ந்த ஒரு கூட்டமே அது.

இக்கலையில் இடர்களும் உண்டு. பொருளை நெருங்க நெருங்க, தெளிவாக விழும் ஆழம் குறைந்து, ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் அளவிலேயே நின்றுவிடும். ஒளி புகும் துளையைச் சுருக்கினால் அவ்வாழம் சற்றே கூடும். ஆனால் ஒளி குறையும். மிகச் சுருக்கினாலோ, ஒளி துளையின் விளிம்பில் வளைந்து பரவுவதால் படம் முழுவதும் மங்கும். ஆகவே, காமிராவை அசையாத தாங்கியில் நிறுத்தி, சாளரத்து ஒளியில் வைத்து, நிழல் விழும் பக்கத்தில் வெண்தாள் ஒன்றை நிறுத்துவர். தெளிவு விழும் இடத்தைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, கணிப்பொறியில் அவற்றை ஒன்றாக இணைத்தலும் உண்டு.

விலையுயர்ந்த கருவி இல்லையே என வருந்த வேண்டுவதில்லை. கைப்பேசிக் காமிராவின் முன் சிறு குவிவில்லை ஒன்றைப் பிடித்தாலே சிறுபொருள் பெரிதாகத் தோன்றும்.

பூச்சிகளைப் படமெடுப்போர் மறவாதிருக்க வேண்டிய அறம் ஒன்று உண்டு. அவை அசையாதிருத்தற் பொருட்டுக் குளிர்பெட்டியில் வைத்து வருத்துவோரும் உளர், அது தகாது. விடியற்காலைக் குளிரில் தும்பி தானே அசைவற்றிருக்கும். அந்நேரத்தில் எழுந்து சென்று பொறுமையுடன் காத்திருப்பவர்க்கு அதன் கண்ணின் நுண்முகங்களும் சிறகின் நரம்புகளும் தெளிவாகக் கிட்டும். உயிரை வருத்தாமற் பெற்ற படமே கலைஞனுக்குப் பெருமை தருவதாகும்.

காணும் கண்ணும் காத்திருக்கும் பொறுமையும் இருப்பின், எளிய கடுகும் ஒரு பாடநூலாகும் அன்றோ?