எத்தீம் பிள்ளைக்கு முதலில் கணக்குக் கொப்பி

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு எங்கள் அம்பாறைக் கரையோரத்தில் படகும் தையல் மெஷினும் நிறையவே பங்கிடப்பட்டன. கணக்குப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தவர்கள் குறைவு.

நானும் அந்தப் பிழையைச் செய்தவன்தான். வரிப்பத்தான்சேனையில் வாப்பாவை இழந்த ஒரு பொடியனுக்கு 10,000 ரூபாய்க்குச் சாமான் எடுத்துக் கொடுத்தேன். நாலு மாதத்தில் கடை வெறுமையானது. அவன் ஊதாரியல்லன். பெட்டியில் கிடந்ததெல்லாம் இலாபமென்று நினைத்து முதலையே வீட்டுச் செலவுக்கு எடுத்துவிட்டான்.

அநாதைகளைச் சோதித்துப் பார்த்து, பக்குவம் கண்ட பின்னரே சொத்தை ஒப்படைக்குமாறு குர்ஆன் (4:6) பணிக்கிறது. சிறு கொடுக்கல் வாங்கலில் பழக்கிப் பார்ப்பதே அந்தச் சோதனை என்று இமாம்கள் பலர் விளக்கியுள்ளனர்.

ஆகவே சிறிதாகத் தொடங்குவோம். 1,000 ரூபாய்ச் சாமான் 1,200க்கு விற்றால், 1,000 திரும்பவும் சாமானுக்கே. ஏற்றுகூலி 80 போக மிச்சம் 120 மட்டுமே அவனுடைய உழைப்பு. இதை ஒவ்வொரு இரவும் அவனே கொப்பியில் எழுதட்டும். கிழமைக்கொரு தடவை நாம் பார்ப்போம். மூன்று மாதம் முதல் குறையாவிட்டால் முதலைக் கூட்டிக் கொடுப்போம்.

வியாபாரச் சகோதரர்களே, பணம் கொடுக்க நம்மில் பலர் உண்டு. அந்தப் பிள்ளைக்கு வாப்பா இருந்திருந்தால் கல்லாவில் பக்கத்தில் இருத்திப் பழக்கியிருப்பார். அந்த இடம்தான் இன்னும் காலியாக இருக்கிறது.