கேரியரைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள்

புதுக்கோட்டை மாவட்டம் குன்றாண்டார்கோவில் குடைவரைக்கு முன்னால் இருக்கும் நூற்றுக்கால் மண்டபத்தைத் தேர் மாதிரியே செதுக்கியிருக்கிறார்கள். சக்கரம் உண்டு, இழுக்கக் குதிரை உண்டு, நகராது. புற்றுநோய்க்கு ஆபரேஷனும் கீமோவும் முடிந்து வீடு திரும்புகிறவரையும் நாம் கிட்டத்தட்ட அப்படித்தான் ஆக்கிவிடுகிறோம். “நீ அசையாதே ஆத்தா, படுத்திரு, நாங்க பாத்துக்குறோம்.” சோறும் தண்ணீரும் கட்டிலுக்கே வந்துவிடும். அத்தனையும் அன்புதான். ஆனால் படுக்கப் படுக்கத் தசை கரைகிறது. தசை கரைந்தால் நாலு எட்டு வைப்பதற்குள் மூச்சு வாங்கும். அசதியாக இருக்கிறதே என்று மறுபடியும் படுக்கை.

2025 ஜூனில் வெளியான ஓர் ஆய்வு இந்தக் கட்டிலைத்தான் கேள்வி கேட்கிறது. கனடாவும் ஆஸ்திரேலியாவும் முன்னின்று 2009இல் தொடங்கியது. பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷனும் கீமோவும் முடித்த 889 பேரை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குக் கையேடு: நன்றாகச் சாப்பிடுங்கள், உடற்பயிற்சி செய்யுங்கள். இன்னொரு பிரிவுக்குக் கையேட்டோடு ஒரு பயிற்சியாளரும், மூன்று வருஷத்துக்கு. பெரிய வித்தையொன்றும் இல்லை. வழக்கமான நடமாட்டத்துக்கு மேல் வாரத்தில் மூன்று நான்கு நாள், முக்கால் மணி நேர வேகநடை அளவுக்கு உழைப்பு. எட்டு வருஷம் கழித்துக் கணக்குப் பார்த்தால், பயிற்சிப் பிரிவில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் உயிரோடு இருந்தார்கள். கையேட்டுப் பிரிவில் எண்பத்து மூன்று. இதைவிடக் குறைந்த பலனுக்கு லட்சக்கணக்கில் விலை போட்டு மருந்து விற்கிறார்கள்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது நடையைவிட அந்த ஆள். ‘நடங்கள்’ என்ற வார்த்தை இரண்டு பிரிவுக்கும் கிடைத்தது. ‘இந்த வாரம் நடந்தீர்களா?’ என்று கேட்க ஒருவர் இருந்தது ஒரு பிரிவுக்குத்தான்.

குடல் புற்றுநோய்க்கும் புதுக்கோட்டைக்கும் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. இந்த மண்ணில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தங்கையை மலக்குடல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துக்கத்தின் பிடிவாதம்தான் 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாக எழுந்தது.

மார்பக ஆபரேஷன் ஆனவர்களுக்கு வேறொரு தடை. “அந்தக் கையால குடம் தூக்காதே, வீங்கிடும்.” அமெரிக்காவில், ஏற்கெனவே கை வீங்கிய 141 பெண்களை வைத்துச் சோதித்து 2009இல் முடிவு சொன்னார்கள்: மேற்பார்வையோடு கொஞ்சம் கொஞ்சமாக எடை கூட்டித் தூக்கினால் வீக்கம் மோசமாவதில்லை. எடுத்த எடுப்பில் நிறைகுடம் வேண்டாம். அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் போதும். எலும்புக்கு நோய் பரவியிருந்தால், ரத்தம் குறைந்திருந்தால், காய்ச்சல் அடித்தால் டாக்டரைக் கேட்காமல் எதுவும் கூடாது. சில கீமோ மருந்துகள் பாதத்தை மரத்துப்போக வைக்கும். முள் குத்தினால்கூடத் தெரியாது. செருப்பில்லாமல் வாசல் தாண்டக் கூடாது.

சரி, ‘நடந்தீர்களா?’ என்று கேட்கும் அந்த ஆளுக்கு எங்கே போவது? 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர் வீட்டுக்கே வருகிறார். அவர் தினமும் வர முடியாது. மீதி நாளுக்கு மருமகளோ மகளிர் குழுத் தோழியோதான்.

இப்படி ஒருத்தி கூடவே நிற்பது இந்த மாவட்டத்துக்குப் புதிதும் அல்ல. 1990களின் தொடக்கத்தில் எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கத்தின்போது புதுக்கோட்டைப் பெண்கள் ஆயிரமாயிரமாகச் சைக்கிள் கற்றார்கள். கையேடு படித்து யாரும் சைக்கிள் பழகவில்லை. பின்னாலிருந்து கேரியரைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி கூடவே ஓடிவந்தாள். அன்று பெடல் மிதித்தவர்களுக்கு இப்போது ஐம்பது, அறுபது வயது. புற்றுநோய் அதிகம் தட்டுகிற வயது. அவர்களில் ஒருத்தி இன்று ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருந்தால், நாளைக் காலை வெயில் ஏறுமுன் அவள் வாசலில் போய் நின்று, “வாக்கா, தேர் மண்டபம் வரைக்கும் போயிட்டு வரலாம்” என்று கூப்பிடலாம். அவ்வளவு தூரம் முடியாதென்றால், தெருமுனை வரைக்கும்.