அழைத்து அகலும் கலை

பொருளை ஆக்குபவன் ஒருவன். அதனை வேண்டி நிற்பவன் மற்றொருவன். இவ்விருவரையும் ஒன்றுசேர்க்க இடையில் ஒரு குரல் வேண்டும். அக்குரல் தமிழர்க்குப் புதிதன்று. காவிரிப்பூம்பட்டினத்தின் சிறப்பைக் கூறும் பட்டினப்பாலை, அந்நகரில் ஆடிய பலவகைக் கொடிகளை வரிசைப்படுத்துகின்றது. கள் விற்கும் மனையின் வாசலில் ஆடிய கொடியும் அவற்றுள் ஒன்று. வாய் திறந்து சொல்லாமலே வழிப்போக்கனை வருக என்று அழைத்த அக்கொடியை விளம்பரம் எனச் சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது?

அன்று கொடி செய்த வேலையை இன்று சமூக ஊடகம் செய்கின்றது. முகநூல், இன்ஸ்ரகிராம், யூரியூப், ரிக்ரொக் எனப் பல பெயர்களோடு அது நம் சட்டைப்பைக்குள் வந்து குடியிருக்கின்றது. சந்தைப்படுத்தல் தொழிலில் இருப்பவர்களுக்கு இதனினும் பெரிய அங்காடி முன்னொருபோதும் கிடைத்ததில்லை. அத்தொழிலிலேயே காலத்தைக் கழிக்கும் எனக்கும் அது சோறு போடுகின்றது. ஆகவே அதனைப் பழிக்கும் நோக்கத்துடன் இதனை எழுதவில்லை. அழைப்பதற்கும் ஓர் அறம் உண்டு. அவ்வறத்தை நம் வீதிகளே நமக்குக் கற்பிக்கின்றன. அதனை எடுத்துரைப்பதே என் விருப்பம்.

வீதி நடத்தும் பாடசாலை

"புதுப்புது எண்ணங்கள் உங்களுக்கு எங்கிருந்து பிறக்கின்றன?" என்று இத்தொழிலைக் கற்க வரும் இளைஞர்கள் கேட்பதுண்டு. காரியாலயத்தின் நான்கு சுவர்களுக்குள்ளே அவை பிறப்பது குறைவு. கொழும்புப் புறக்கோட்டையில் அரைமணி நேரம் நின்று பாருங்கள். நடைபாதையிற் சாக்கை விரித்துப் பொருளைக் குவித்திருப்பவர் முதலிற் கூவுவது பொருளின் பெயரையா? இல்லை, விலையை! பொருள் கண்ணுக்குத் தெரிகின்றது, விலைதான் தெரியவில்லை. அவ்வழியே போகின்றவரோ பஸ்ஸைப் பிடிக்க ஓடுகின்றார். ஓடுகின்றவரின் காதில் விழக்கூடியது ஒரே ஒரு சொல். அந்த ஒரு சொல்லை எதற்குச் செலவிடுவது என்பதை அவ்வியாபாரி எந்தக் கல்லூரியிலும் கற்கவில்லை.

சந்தையில் மரக்கறி விற்கும் அம்மாவைப் பாருங்கள். தராசில் நிறுத்து முடிந்த பின்னும் இரண்டு பச்சை மிளகாயை எடுத்துப் பைக்குள் இடுகின்றார். அவற்றின் பெறுமதி அற்பம். ஆயினும் அடுத்த கிழமையும் நம்மை அதே இடத்துக்கு இழுத்துவரும் கயிறு அதுவே.

இவர்கள் எல்லாரினும் நான் பெரிதும் மதிப்பவர் சூன் பாண்காரர். முச்சக்கர வண்டியின் பின்புறத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதனுள்ளே பாணும் பணிஸும். வண்டியிலிருந்து எழுவதோ ஜேர்மன் இசைமேதை பீத்தோவன் 1810ஆம் ஆண்டளவில் இயற்றிய 'ஃபூர் எலீஸ்' என்னும் பியானோ இசை. அவர் இறந்து நாற்பது ஆண்டுகள் கழிந்த பின், 1867இலேதான் அது அச்சேறிற்று. அந்த இசை இன்று இலங்கையின் ஒழுங்கைகளிற் பாண் வருகின்றது என்பதற்கு அடையாளமாகிவிட்ட விந்தையை என்னென்பது!

அவ்விசை செய்யும் வேலையைச் சற்று உற்று நோக்குங்கள். தூரத்திற் கேட்கும்போதே சில்லறையை எடுத்து வைக்கச் சொல்கின்றது. வாசலை அடைந்ததும் வேண்டுமா என்று கேட்கின்றது. வேண்டியவர் வாங்குகின்றனர், வேண்டாதவர் தத்தம் அலுவலைத் தொடர்கின்றனர். பின்பு அது அடுத்த ஒழுங்கைக்குள் நுழைந்து தேய்ந்து மறைகின்றது. யார் யார் எத்தனை கணம் யன்னலால் எட்டிப் பார்த்தனர் என்று பாண்காரர் குறித்து வைப்பதில்லை. வாங்காதவரின் வாசலில் நின்று விடாமல் ஒலிப்பதும் இல்லை. நாளைக்கும் அதே வாசலுக்கு வரவேண்டியவர் அவர். இன்று தொல்லை கொடுத்தால் நாளை வியாபாரம் நடவாது. அழைப்பது பாதி, அகல்வது பாதி. இரண்டும் சேர்ந்ததே அவருடைய தொழில்.

புதன்கிழமைக்குக் காத்திருந்த வீடுகள்

தெருவோரத்துச் சிறு வியாபாரிக்குப் பொருந்தும் இவ்விதி பெரிய வணிகத்துக்குப் பொருந்துமா என்று ஐயுறுவோர் வானொலியின் வரலாற்றை நோக்குக. இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு 1950ஆம் ஆண்டில் ஆரம்பமாயிற்று. கடல் கடந்து இந்தியாவிலும் அதற்கு எண்ணிறந்த நேயர்கள் இருந்தனர். 1952இல், ஒரு பற்பசையின் பெயரைத் தலையிலே தாங்கி, 'பினாக்கா கீத்மாலா' என்னும் ஹிந்தித் திரைப்பாடல் நிகழ்ச்சி கொழும்பிலிருந்து ஒலிக்கத் தொடங்கியது. அமீன் சயானியின் குரலைக் கேட்பதற்காகப் புதன்கிழமை இரவுகளில் வீடுகள் காத்திருந்தன. அரைமணி நேரமாகத் தொடங்கிய அந்நிகழ்ச்சி பின்னர் ஒரு மணி நேரமாகி, முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இலங்கை வானொலியில் நிலைபெற்றிருந்தது.

பற்பசையை விற்பதற்காகவே அது நடத்தப்பட்டது; அதில் ஒளிவு மறைவு இல்லை. ஆயினும் உரிய நேரம் கழிந்ததும் அது விடைபெற்றது. இடையில் ஆறு நாட்கள் மௌனம். அந்த மௌனமே ஏழாம் நாளின் ஆவலை வளர்த்தது எனலாம்.

விலை கொடுப்பவர் யார்?

சமூக ஊடகத்தைப் பயன்படுத்த நாம் சந்தா கட்டுவதில்லை. அப்படியாயின் அது எங்ஙனம் நடைபெறுகின்றது? இதற்கு விடை காண 1833ஆம் ஆண்டுக்குச் செல்லவேண்டும். நியூயோர்க் நகரத்தில் ஏனைய நாளிதழ்கள் ஆறு சதத்துக்கு விலைப்பட்ட அக்காலத்தில், பெஞ்சமின் டே என்பவர் 'சன்' என்னும் நாளிதழை ஒரு சதத்துக்குக் கொடுத்தார். குறைந்த வருவாயை விளம்பரம் ஈடுசெய்தது. வாசகர் பத்திரிகையை வாங்கினார். விளம்பரகாரர் வாசகரின் பார்வையை வாங்கினார். நீங்கள் இப்போது கையில் வைத்திருக்கும் பத்திரிகைக்கும் விளம்பரத்தின் துணை உண்டு.

சமூக ஊடகத்தின் பொருளாதாரமும் இதுவே, அளவுதான் வேறு. முகநூலையும் இன்ஸ்ரகிராமையும் நடத்தும் மெற்றா நிறுவனம் 2023ஆம் ஆண்டில் ஈட்டிய வருமானம் ஏறத்தாழ 13,490 கோடி டொலர். அதில் ஏறத்தாழ 13,190 கோடி விளம்பரத்தால் வந்தது. செய்தி பெருகப் பெருக அதனை நுகரும் மனிதரின் கவனம் வறுமையுறும் என்று ஹேர்பேர்ட் சைமன் என்னும் அமெரிக்க அறிஞர் 1971இலேயே எடுத்துக் கூறினார். பின்னர் 1978இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்றவர் அவர். அருமையான பொருளுக்கு விலை ஏறுவது சந்தையின் இயல்பு. நம் கவனம் அருமையாயிற்று. அதன் விலையும் ஏறிற்று. அப்பொருளை ஒரு வீட்டிலிருந்து எவ்வளவு நேரம் எடுப்பது தகும் என்பதே என் போன்றோர் தம்மைத் தாமே கேட்கவேண்டிய வினா.

அடியில்லாத பக்கம்

பத்திரிகைக்குக் கடைசிப் பக்கம் உண்டு. அதனை அடைந்ததும் மடித்து வைக்கின்றோம். அடுத்து என்ன செய்யலாம் என்று ஒரு கணம் எண்ணுகின்றோம். கிணற்றடிக்குப் போகலாம், பாடத்தை எடுக்கலாம், அம்மாவோடு பேசலாம். இணையப் பக்கங்களிலும் ஒரு காலத்தில் அடி இருந்தது; மேலும் வேண்டுமாயின் அடுத்த பக்கத்துக்குரிய பொத்தானை அழுத்தவேண்டும். அச்சிரமத்தை நீக்கும் எண்ணத்தோடு, தள்ளத் தள்ளத் தானே நீண்டு செல்லும் பக்கத்தை 2006ஆம் ஆண்டில் அசா ரஸ்கின் என்னும் அமெரிக்க வடிவமைப்பாளர் ஆக்கினார். நீக்கப்பட்டது சிரமம் மட்டுமா? போதும் என்று சொல்வதற்கு இருந்த இடமும் அதனோடு போயிற்று. அதன் விளைவைக் கண்டு அவரே பின்னாளிற் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார்.

அடுத்ததாக வந்தது எண்ணிக்கை. பெருவிரலை நிமிர்த்திய 'விருப்பக்' குறியை முகநூல் 2009 பெப்ரவரியில் அறிமுகப்படுத்திற்று. 2016இல் அன்பு, வியப்பு, துயரம், கோபம் முதலியவற்றுக்கும் குறிகள் வந்தன. 2017இல் இப்புதுக் குறி ஒவ்வொன்றுக்கும் ஐந்து விருப்பக் குறிகளின் பெறுமதி அளிக்கப்பட்டது. அதாவது, ஐவரை மகிழ்வித்த செய்தியும் ஒருவரைச் சினமூட்டிய செய்தியும் பொறியின் தராசிற் சமமாக நின்றன! 2020இலேதான் கோபக் குறியின் நிறை பூச்சியமாக்கப்பட்டது.

கோபத்துக்கு மதிப்பளிக்கும் அங்காடியில் கோபமே குவியும். இதன் பயனை நம் நாடு அனுபவித்தது. 2018 மார்ச் மாதத்திற் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம் மக்களுக்கு எதிரான வன்செயல் மூண்டபோது, வெறுப்புரைகள் பரவுவதைத் தடுப்பதற்கென அரசாங்கம் சமூக ஊடகங்களைச் சில நாட்களுக்கு முடக்கிற்று. அவ்வன்செயலுக்குத் தமது தளம் பயன்பட்டமைக்காக முகநூல் நிறுவனத்தினர் 2020 மே மாதத்தில் மன்னிப்புக் கோரினர். கடைகளும் வீடுகளும் எரிந்து ஈராண்டு கழிந்திருந்தது.

இதன் நன்மையை மறுக்கலாமா?

மறுத்தல் நன்றியின்மையாகும். 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில், எந்த நிரப்பு நிலையத்துக்கு எரிபொருள் வந்திருக்கின்றது, எங்கே சமையல் வாயு கிடைக்கின்றது என்பதை ஒருவர்க்கொருவர் அறிவித்து உதவியது இச்சாதனமே. ரொறன்ரோவிற் பிறந்த பேரப்பிள்ளை முதலடி எடுத்துவைப்பதை யாழ்ப்பாணத்துப் பாட்டி தன் திண்ணையிலிருந்து காண்கின்றாள். பனங்கட்டியும் ஒடியல் மாவும் ஆக்கும் பெண்ணொருத்தி, தரகரை நாடாமல், தன் பொருளின் படத்தைத் தானே எடுத்துப் போட்டு வாடிக்கையாளரைத் தேடிக்கொள்ள முடிகின்றது. கடைக்கு வாடகை கொடுக்க இயலாதவளுக்கு இது கிடைத்தற்கரிய கதவு.

இவற்றையெல்லாம் ஒப்புநோக்கினால் ஓர் உண்மை புலப்படும். இங்கெல்லாம் மனிதர் ஒரு தேவையோடு வருகின்றனர். தேவை நிறைவேறியதும் செல்கின்றனர். எரிவாயு கிடைத்தவர் வரிசையை விட்டுப் போகின்றார். பேரனைக் கண்ட பாட்டி அடுப்படிக்குப் போகின்றாள். வந்தவர் போவதற்கு வழியிருக்கும் இடத்தில் இச்சாதனம் வேலைக்காரனாக நிற்கின்றது. வழி அடைபட்ட இடத்தில் அதுவே எசமானாகிவிடுகின்றது.

பெற்றோர்க்கும் மாணவர்க்கும்

மாணவ மாணவியர்க்குத் தொழில் அறிந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். நீங்கள் இட்ட படத்தின் கீழே தோன்றும் எண், உங்கள் முகத்துக்கோ அறிவுக்கோ இட்ட புள்ளி அன்று. அப்படத்தை எத்தனை பேருக்குக் காட்டுவது என்பதைப் பொறி தீர்மானிக்கின்றது. காட்டப்பட்ட நேரமும், அவ்வேளை அதனோடு போட்டியிட்ட ஏனைய படங்களும் அவ்வெண்ணை ஏற்றவும் இறக்கவும் வல்லன. வணிகர்களாகிய நாங்களோ பணம் கொடுத்தே அதனை உயர்த்துகின்றோம். விலைக்கு வாங்கக்கூடிய ஓர் எண்ணைக் கொண்டு பதினாறு வயதுப் பிள்ளை தன் மதிப்பை அளந்து, அது குறைந்த நாளிற் சோற்றைத் தள்ளிவைத்து மூலையில் முடங்குவது எத்துணைக் கொடுமை! அவ்வெண்ணை மறைத்துவைக்கும் வசதி 2021ஆம் ஆண்டு முதல் இன்ஸ்ரகிராமிலும் முகநூலிலும் உண்டு. பலர் இதனை அறியார்.

இத்தொழிலுக்கு வர விரும்பும் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு விளம்பரத்தை ஆக்கி முடித்ததும் எத்தனை பேர் பார்ப்பர் என்று கேட்குமுன், பார்த்தவர் அடுத்த நாளும் நம்மை வாசலில் வரவேற்பாரா என்று கேளுங்கள். சொல்லவேண்டியதைச் சுருங்கச் சொல்லுங்கள், சொன்னபின் வழிவிடுங்கள். நம்பிக்கை என்னும் முதல் அவ்வாறே சேர்கின்றது.

பெற்றோர் செய்யத்தக்கது பெரிய காரியம் அன்று. பக்கத்துக்கு அடியை அவர்கள் வைக்காவிட்டால் நாம் வைப்போம். அழைப்புமணிகளுள் அவசியமானவற்றைத் தவிர மற்றவற்றை நிறுத்திவிடலாம். இரவுச் சாப்பாட்டு வேளையில் வீட்டிலுள்ள தொலைபேசிகள் அனைத்தையும், தகப்பனாருடையதையும் சேர்த்து, ஓரிடத்தில் வைத்துவிடலாம். பிள்ளையை மட்டும் தடுத்துவிட்டுத் தாம் திரையைத் தடவிக்கொண்டிருக்கும் பெரியவரின் சொல் அம்பலம் ஏறாது.

அழைப்போர் அழைத்துக்கொண்டே இருப்பர். அது அவர்கள் பிழைப்பு. ஏற்பதும் மறுப்பதும் நம் உரிமை. ஆனால் எண்ணிப் பார்க்கச் சிறிது ஓய்வு இருந்தாலன்றி அவ்வுரிமையால் ஆவது ஒன்றுமில்லை. அந்த ஓய்வை எந்த நிறுவனமும் நமக்கு வழங்கப்போவதில்லை. இன்று இரவு சோற்றுக் கோப்பையின் முன் அமரும்போது அதனை நாமே உண்டாக்கிக்கொள்ளலாம்.